கலப்பினமா, இருமரபா?

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டால் ஓர் அட்டை தருவார்கள். மாட்டின் வயது, எத்தனையாவது ஈத்து, அப்புறம் 'இனம்: ஜெர்சி கலப்பினம்'. போன மாதம் அந்த அட்டையை உத்தரத்தில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தால், தொலைக்காட்சியில் கமலா ஹாரிஸைக் 'கலப்பினப் பெண்மணி' என்கிறார் ஒருவர். நாவல் மதிப்புரையிலும் வெப் சீரிஸ் வசன வரிகளிலும் இதே சொல்லை எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டேன். அன்றைக்கு முடியவில்லை.

'கல' என்ற வினையிலிருந்து கலப்பு, அதோடு இனம். சொற்பிறப்பு அவ்வளவுதான். வெவ்வேறு இனப் பெற்றோருக்குப் பிறந்தவரை ஆங்கிலத்தில் சொல்லும் 'மிக்ஸ்டு ரேஸ்' என்பதை நேராகப் பெயர்த்தால் வருவது இது.

கல என்பதில் எந்தக் குறையும் இல்லை. கலந்து பேசுகிறோம், இரண்டறக் கலக்கிறோம். ஆனால் கலப்பினம் என்ற கூட்டுச்சொல் ஏற்கெனவே தொழுவத்திலும் விதைக்கடையிலும் குடியேறிவிட்டது. கலப்பினப் பசு, கலப்பின மக்காச்சோளம். 'கலப்பினத்தவர் என்று சொன்னால் மரியாதையாகிவிடுமே' என்பார்கள். மாட்டுக்கு வேட்டி கட்டிவிட்டால் அது பந்தியில் உட்காருமா? ஐரோப்பியர்களும் இதைச் செய்தவர்கள்தான். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறந்தவரைக் குறித்த 'முலாட்டோ' என்ற ஸ்பானிய, போர்த்துக்கீசியச் சொல்லுக்கு மூலம் கோவேறு கழுதையைக் குறிக்கும் 'முலா' என்றே பல அகராதிகள் சொல்கின்றன. அவர்களே வசைச்சொல் என்று ஒதுக்கிய வழியில் நாம் இப்போது புதிதாக நடக்கிறோம்.

'கலப்புத் திருமணம் என்று அரசே சொல்கிறதே' என்பது அடுத்த வாதம். சொல்கிறதுதான், நிதியுதவித் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே கலப்பு என்பது நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர், பிறந்த பிள்ளைக்கு அல்ல. அதையும்கூடச் 'சாதி மறுப்புத் திருமணம்' என்று மாற்றிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் எளிது: கலப்பு என்றால் கலக்காத சுத்தம் ஒன்று எங்கோ இருப்பதாக ஆகிவிடும். கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் அஞ்சும் வருணசங்கரமும், அதாவது வருணங்கள் கலந்துபோவதும், இதே கணக்குதான். கடையில் கலப்படம், வீட்டில் கலப்பினம்!

இன்னொருவர் தனித்தமிழ் ஆர்வத்தில் 'இருபிறப்பினர்' என்று எழுதியிருந்தார். இருபிறப்பாளர் என்றால் பூணூல் போட்டவர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

சரி, என் சொல் எது? இருமரபினர். இரண்டுக்கு மேல் போனால் பன்மரபினர். கலக்காமல் எண்ணிச் சொல்வதுதான் இதன் நயம். அப்பாவின் வழியும் முழுசு, அம்மாவின் வழியும் முழுசு. முதலாம் குலோத்துங்கன் தந்தைவழியில் கீழைச் சாளுக்கியன், தாய்வழியில் சோழன். கலிங்கத்துப்பரணி அந்த இரண்டு குலத்தையும் அவனுக்குப் பெருமையாகவே பாடுகிறது. அவனைக் கலப்பின மன்னன் என்று எழுத எந்த வரலாற்றாசிரியருக்காவது கை வருமா? குலம் என்பது இன்று சாதியை இழுத்துக்கொண்டு வருவதால் மரபு என்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்தவுடன் மூடிவிடுகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் நெல்லா லார்சன் 1929இல் எழுதிய 'பாஸிங்' நாவலைப் பற்றிய ஒரு கட்டுரையில் தலைப்பைக் 'கடத்தல்' என்று போட்டிருந்தார்கள். தங்கக் கடத்தலா? வெளிர்நிறக் கறுப்பினப் பெண் ஒருத்தி தன் பிறப்பை மறைத்து வெள்ளைக்காரியாகவே புழங்குகிறாள். 'வெள்ளையராகப் புழங்குதல்' என்றால் தீர்ந்தது. தலைமுறைகளாகப் பன்மரபினராக வாழும் தென்னாப்பிரிக்கக் 'கலர்டு' சமூகத்தை 'வண்ண மக்கள்' என்பது அடுத்த கூத்து. மக்களை இனவாரியாகப் பிரித்த நிறவெறி அரசின் 1950ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம் ஒட்டிய முத்திரை அது. இன்று பலர் தம் சமூகத்தின் பெயராகவே அதைச் சொல்கிறார்கள். பெயரைப் பெயர்க்கக் கூடாது. தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் தாய் கோசா என்ற கறுப்பினத்தவர், தந்தை சுவிட்சர்லாந்துக்காரர். அவர் பிறந்த 1984இல் அந்தப் பெற்றோரின் உறவே அங்கே சட்டப்படி குற்றம். ஆனாலும் அவர் கலர்டு அல்லர், இருமரபினர். இரண்டுக்கும் கலப்பினம் என்றே எழுதினால் அவர் எழுதிய தன்வரலாற்று நூலின் பாதி நகைச்சுவை எங்கே விளங்கும்?

சிங்கப்பூரில் 2011 முதல் அடையாள அட்டையில் இரண்டு இனப்பெயர்களையும் கோடு போட்டு இணைத்துப் பதியலாம். அங்கே என்னோடு வேலை பார்த்த பெண்ணைச் 'சிண்டியன்' என்பார்கள், சைனீஸும் இந்தியனும் சேர்ந்த சொல். "நீ தமிழா, சீனமா?" என்று கேண்டீனில் யாராவது கேட்டால், தட்டிலிருந்து தலை தூக்காமல் சொல்வாள்: "அப்பா சீனர், அம்மா தமிழ். சம்பல் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க அண்ணே."