ஏலாவில் கொட்டிய மண் எதற்காகக் காத்திருக்கிறது?

தக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் நெரிசலைக் குறைக்க இணைப்புச் சாலை போடுகிறார்கள். ஏலாவின் (வயல்வெளியின்) நடுவே மண் கொட்டி ஏழு மாதமாகிறது. சாலை வரவேண்டிய மட்டத்துக்கும் மேலே மண்ணைக் குவித்து, அங்கங்கே இரும்புக் குழாய்களை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். வேலை நின்றுவிட்டதா?"

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, தரைக்கு அடியில்.

குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் சாலையை அகலப்படுத்தலாம் என்றால் இருபுறமும் கடையும் வீடும். மேட்டு நிலத்தில் தென்னையும் ரப்பரும். கடைசியில் புதுச் சாலைக்கு வழி கிடைப்பது ஏலாவிலோ குளத்தோரத்திலோதான். வயலைத் தொடாமல் போக முடிந்தால் அதுவே நல்லது என்பது என் கருத்து. போயே ஆகவேண்டும் என்றால், அடியில் இருக்கும் களிமண்ணிடம் கணக்குக் கேட்காமல் போகக்கூடாது.

காலங்காலமாகத் தண்ணீர் நின்ற இடத்துக் களிமண்ணில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சின்னது. துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளும் அப்படியே. மணலில் ஓடுவதைவிட லட்சக்கணக்கான மடங்கு மெதுவாகத்தான் தண்ணீர் அதில் நகரும்.

இப்போது அதன் மேல் லாரி லாரியாக மண் கொட்டுகிறோம். அந்தப் பாரத்தை முதலில் தாங்குவது யார் தெரியுமா? துகள்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீர்! தண்ணீர் எளிதில் சுருங்காது, உடனே வெளியேறவும் வழியில்லை. அதனால் அதன் அழுத்தம் ஏறுகிறது. அப்புறம் அது மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, துகள்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பாரத்தைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்கின்றன. வெளியேறிய தண்ணீரின் அளவுக்குத் தரை தாழ்கிறது. கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த காலத்தில் இதை அளந்து, சமன்பாடாக எழுதினார். 1925இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் மண் இயந்திரவியல் என்ற துறையே வளர்ந்தது.

ரப்பர் ஷீட் அடிப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். உறைந்த ரப்பர் பால்கட்டியை எடுத்த எடுப்பிலேயே ரோலரை இறுக்கி விட்டால் பிதுங்கிக் கிழியும். முதலில் தளர்வாக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். களிமண்ணும் அப்படித்தான். முழு உயரத்தையும் ஒரே மூச்சில் கொட்டினால், பாரம் தண்ணீரின் மேலேயே நிற்கும். தண்ணீருக்குப் பிடிமானம் கிடையாது. கரை பக்கவாட்டில் சரிந்து வயலுக்குள் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. 3 மீட்டர் ஆழக் களிமண் படிவம் தண்ணீரை வெளியேற்ற ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அதே மண் 6 மீட்டர் ஆழம் இருந்தால்? இரண்டு வருடம் போதாது, நான்கு வருடம் வேண்டும். வெளியேற வேண்டிய தண்ணீரும் இரண்டு மடங்கு, அது கடக்க வேண்டிய தூரமும் இரண்டு மடங்கு. இரண்டும் பெருகி நான்காகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தூரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் காலம் ஏறத்தாழ நூறில் ஒன்றாகிவிடும்! பெரிய சாலைகளில் இந்தக் கணக்கை வைத்தே உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் நாடாக்களைச் சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் களிமண்ணுக்குள் செங்குத்தாகச் செருகுகிறார்கள். தண்ணீர் மேலே வரை ஏற வேண்டாம், பக்கத்தில் அரை மீட்டர் நகர்ந்து நாடாவைப் பிடித்தால் போதும். செருகும்போது மண் கலங்குவதால் முழுப் பலன் கிடைக்காது. ஆனாலும் வருடங்கள் மாதங்களாகச் சுருங்கும்.

உங்கள் ஊரில் கூடுதலாகக் குவித்த மண்ணும் இதற்காகத்தான். நாளைய வண்டிகளின் பாரத்தையும் சேர்த்து இன்றே ஏற்றி, தாழ வேண்டியதைத் தார் போடும் முன்பே தாழ வைக்கிறார்கள். பிறகு மிச்ச மண்ணை வழித்து எடுத்துவிடுவார்கள்.

காத்திருக்காமல் போட்ட சாலையைப் பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் நன்றாக அறிவார்கள். பாலம் ஆழத்தில் ஊன்றிய தூண்மேல் அசையாமல் நிற்க, அதை ஒட்டிய கரை மட்டும் தாழ்ந்து போகும். ஏறும்போது ஒரு தூக்கு, இறங்கும்போது இன்னொரு தூக்கு. அப்படித் தாழ்ந்த இடத்தைக் காட்டி, "இசக்கி குடியிருந்த இடம், பலி கேட்கிறது" என்று பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். இசக்கியம்மனைக் கும்பிடுவது வேறு, அவசரப்பட்டுத் தார் போட்டவர்களின் தவறை அவள் தலையில் ஏற்றுவது வேறு. இரண்டாவதை என்னால் ஏற்க முடியாது.

நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு ஏலாவிலும் துளையிட்டு, களிமண் எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு தண்ணீர் என்று ஒரு மண் வரைபடம் தயாரிக்க அந்த மாணவர்களுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும். பெயர்ந்த சாலையை மறுபடி மறுபடி ஒட்டுப்போடும் செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகைதான்.

அந்தக் குழாய்களைக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகடு, பழைய வயல் மட்டத்தில் கிடக்கிறது. தரை தாழும்போது குழாயும் சேர்ந்து தாழும். மட்டக்கருவியோடு யாராவது அளக்க வந்தால், போன தடவையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த எண் ஒவ்வொரு தடவையும் குறைந்து, கடைசியில் அசைவே தெரியாத அளவுக்கு வந்துவிட்டால், தார் வண்டி வரும் நேரம் நெருங்கிவிட்டது.