சீக்வல்: பாகமா, தொடர்ச்சியா, வழிப்படமா?

'சீக்வல்' என்ற சொல்லைத் தமிழில் மூன்று விதமாக எழுதுகிறோம். போஸ்டரும் செய்தித்தாளும் 'இரண்டாம் பாகம்' என்கின்றன. நல்ல தமிழில் எழுத நினைப்பவர்கள் 'தொடர்ச்சி' என்கிறார்கள். மற்றவர்கள் 'சீக்வல்' என்றே விட்டுவிடுகிறார்கள். மூன்றும் ஒன்றுதானே என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். படங்களின் டிக்கெட் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அப்படி இல்லை என்று பட்டது. ஒரு பெரிய வெற்றிப் படத்துக்குப் பின்னால் வரும் படங்களுக்குக் கூட்டம் ஏன் குறைந்துகொண்டே போகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'செக்வி' என்றால் பின்தொடர்தல். அதிலிருந்து 'செக்வேலா' வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பெரிய மனிதருக்குப் பின்னால் நடந்துவரும் பரிவாரத்தைத்தான் அது குறித்தது. பிறகு 'விளைவு' என்ற பொருள் சேர்ந்தது. ஒரு கதையை அடுத்து வரும் கதை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மருத்துவர்கள் இன்றும் நோய் தீர்ந்த பிறகு உடம்பில் தங்கிவிடும் பாதிப்பை 'சீக்வெலா' என்கிறார்கள். இரண்டாவது என்று பொருள்படும் 'செகண்ட்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அங்கே இரண்டாவது என்றாலே பின்னால் வருவது என்றுதான் பொருள். நம் 'இரண்டு' வெறும் எண்; அதில் முன்னும் பின்னும் கிடையாது.

கூடவே வரும் 'பிளாக்பஸ்டர்' என்ற சொல் இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. ஒரு தெருத்தொகுதியையே தகர்க்கும் அளவுக்குப் பெரிய குண்டுகளைப் பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனியில் போட்டபோது பத்திரிகைகள் வைத்த பெயர் அது. போர் முடிவதற்குள்ளேயே அமெரிக்கச் சினிமா விளம்பரங்கள் அதை எடுத்துக்கொண்டன. டிக்கெட் வரிசை தெருவைச் சுற்றி நின்றதால் வந்த பெயர் என்பது பின்னால் கட்டிய கதை. தமிழில் 'மாபெரும் வெற்றிப்படம்' என்றாலே போதும்.

சரி, தமிழ்ச் சொற்களுக்கு வருவோம்.

பாகம் என்பது பங்கு. ஏற்கெனவே முழுதாக இருக்கும் ஒன்றைப் பிரித்தால் கிடைப்பது. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கிறோம். இல்லாத சொத்தைப் பிரிக்க முடியாது. (நளபாகத்தில் வரும் பாகம் வேறு, அது சமையலைக் குறிக்கும் வேறொரு வடசொல்.) கல்கி 'பொன்னியின் செல்வ'னை ஐந்து பாகமாக எழுதினார் என்று சொல்லும்போது அந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. கதை ஒன்றுதான், அளவு பெரிது, அதனால் ஐந்தாக வகுத்தார்.

தொடர்ச்சி வேறு. 'தொடர்' என்றால் சங்கிலி. ஒரு கண்ணியில் அடுத்த கண்ணி கோத்திருக்க வேண்டும். வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று போட்டு நிறுத்தினார்கள் என்றால் கதை நடுவழியில் நிற்கிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் வாங்கினால்தான் அது நகரும்.

இப்போது 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கொல்லும் சுறாவைப் பற்றிய பீட்டர் பெஞ்ச்லியின் நாவலை வைத்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த அந்தப் படம் 1975 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியானது. கோடை விடுமுறைக்கு ஒரு மாபெரும் படம் என்ற வழக்கமே அதிலிருந்துதான் வேர்பிடித்தது. அந்தப் படம் எப்படி முடிகிறது? சுறா வெடித்துச் சிதறுகிறது. போலீஸ் அதிகாரி பிராடி கரைக்குத் திரும்புகிறார். அங்கே 'தொடரும்' இல்லை, பிரித்துக் கொடுக்க மிச்சப் பங்கும் இல்லை. கதை முடிந்துவிட்டது. ஆனாலும் 1978இல் 'ஜாஸ் 2', 1983இல் முப்பரிமாணக் கண்ணாடியோடு 'ஜாஸ் 3-டி', 1987இல் 'ஜாஸ்: தி ரிவென்ஜ்' என்று மூன்று படங்கள் வந்தன. ஸ்பீல்பெர்க் எதையும் இயக்கவில்லை.

வட அமெரிக்காவில் முதல் படம், மறுவெளியீடுகளையும் சேர்த்து, 26 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாவது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. மூன்றாவது சுமார் 4.5 கோடி, நான்காவது 2 கோடியைச் சற்றுத் தாண்டியது. இது பணக் கணக்கு. தலைக் கணக்கு இதைவிட மோசம். 1975இல் அமெரிக்காவில் சராசரி டிக்கெட் விலை சுமார் 2 டாலர். 1987இல் ஏறத்தாழ 4 டாலர். வகுத்துப் பார்த்தால் முதல் படத்துக்கு 12 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றிருக்கிறது, நான்காவதுக்கு 50 லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது. டிக்கெட் விலை ஏற ஏற, வசூல் எண் கூட்டத்தின் குறைவை மூடிவிடுகிறது. அதனால்தான் வசூலை மட்டும் வைத்து 'முதல் படத்தை மிஞ்சியது' என்று எழுதும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. நம் ஊரில் நூறாவது நாள், வெள்ளிவிழா என்று நாளை எண்ணிய காலத்தில் இந்த மறைப்பு குறைவாக இருந்தது.

ஏன் இப்படி இறங்குகிறது? படம் மோசமாக எடுத்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம், 'ஜாஸ்' வரிசையில் அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் படம் அருமையாக இருந்தாலும் இறங்குகிறது. 1974இல் வந்த 'தி காட்ஃபாதர் பார்ட் டூ' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஒரு சீக்வலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. இருந்தும் அமெரிக்க வசூல் முதல் படத்தில் பாதிக்கும் குறைவு.

முதல் காரணம் தேர்வு. ஒரு படம் அளவுக்கு மீறி ஓட வேண்டும் என்றால் கதை மட்டும் போதாது. வெளியான நேரம், எதிரே வலுவான படம் இல்லாதது, ஊரெல்லாம் அதே பேச்சாக இருப்பது என எல்லாம் ஒரே சமயத்தில் கூடிவர வேண்டும். அப்படிக் கூடிவந்த படத்துக்குத்தான் அடுத்த படம் எடுக்கிறார்கள். மலை உச்சியில் நிற்பவரை மட்டும் பொறுக்கியெடுத்து அடுத்த அடி வைக்கச் சொன்னால் அது பெரும்பாலும் இறக்கமாகத்தான் இருக்கும். புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள்.

இரண்டாவது காரணம் சல்லடை. முதல் படத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் முதல் படத்தைப் பார்த்தவர்கள்தான் வருவார்கள், அதிலும் பிடித்தவர்கள் மட்டும். மூன்றாவதுக்கு அந்த இரண்டையும் பார்த்து இரண்டும் பிடித்தவர்கள். ஒவ்வொரு படமும் ஒரு சல்லடை. புதிதாக உள்ளே வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் பத்திரிகைத் தொடர்கதைகள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தன தெரியுமா? ஒவ்வொரு வாரமும் மேலே 'முன்கதைச் சுருக்கம்' போட்டார்கள். பத்தாவது வாரம் வாங்குகிறவரும் உள்ளே வந்துவிடலாம். தியேட்டரில் காசு கொடுத்து உட்கார்ந்த பிறகு அந்த வசதி அரிது. (இந்த 'முன்கதை' என்ற சொல்லே 'ப்ரீக்வல்' என்பதற்கு அழகாகப் பொருந்தும். 'ப்ரீக்வல்' 20ஆம் நூற்றாண்டில் 'சீக்வல்' என்பதன் தலையை வெட்டி ஒட்டிய சொல். நமக்கு அந்த வெட்டு ஒட்டு தேவையில்லை.)

சல்லடை அகலமாகும் நேரமும் உண்டு. ஜேம்ஸ் கேமரூனின் 'தி டெர்மினேட்டர்' 1984இல் அமெரிக்காவில் 4 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. 1991இல் வந்த அடுத்த படம் 20 கோடியைத் தாண்டியது. இடையில் இருந்த ஏழு வருடமும் வீடியோ கேசட் காலம். தியேட்டரில் தவறவிட்டவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த முதல் படம் உச்சியில் நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏற இடம் இருந்தது.

டைனோசர் படங்களில் இந்த இறக்கம் இரண்டு முறை நடந்திருக்கிறது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' முதல் வெளியீட்டில் வட அமெரிக்காவில் 35 கோடி டாலர். 1997இல் அடுத்தது 22 கோடி, 2001இல் மூன்றாவது 18 கோடி. பிறகு 14 வருட இடைவெளி. முதல் படத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வரும் காலத்தில், 2015இல், 'ஜுராசிக் வேர்ல்ட்' 65 கோடி. அப்புறம் அதே கதை: 2018இல் 41, 2022இல் 37, 2025இல் 33. இடைவெளி ஆசையைத் திருப்பிக் கொடுக்கிறது, அடுத்தடுத்து வரும் படங்கள் அதைச் செலவழிக்கின்றன. டிக்கெட் விலையைக் கழித்தால் இந்தப் படிக்கட்டு இன்னும் செங்குத்தாக இருக்கும்.

பணத்தைவிடத் தலையை எண்ணும் நாடு தென்கொரியா. அங்கே வெற்றியை 'இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள்' என்றுதான் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் பற்றிக் கிம் ஹான்-மின் மூன்று படங்கள் எடுத்தார். 2014இல் வந்த முதல் படத்தை 1 கோடியே 76 லட்சம் பேர் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடிதான். 2022இல் வந்ததை 72 லட்சம் பேர், 2023இல் வந்ததை 45 லட்சம் பேர். நடுவில் கொரோனா தியேட்டர் பழக்கத்தையே உலுக்கிவிட்டது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதே நாட்டில் 'அலாங் வித் தி காட்ஸ்' என்று இரண்டு படங்கள் ஒன்றாகவே எடுக்கப்பட்டு 2017 டிசம்பரிலும் 2018 ஆகஸ்டிலும் வந்தன. முதலாவதுக்கு 1 கோடியே 44 லட்சம் பேர், இரண்டாவதுக்கு 1 கோடியே 22 லட்சம். இறக்கம் உண்டு, ஆனால் சின்ன இறக்கம். அது நிஜமான 'இரண்டாம் பாகம்'.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இதற்கு இன்னும் தெளிவான சான்று. டோல்கீன் ஒரே கதையாக எழுதியதைப் பதிப்பகம் 1954, 55இல் மூன்று நூலாகப் பிரித்து வெளியிட்டது. பீட்டர் ஜாக்சன் மூன்றையும் நியூசிலாந்தில் ஒருசேரப் படமாக்கி 2001, 2002, 2003இல் வெளியிட்டார். வட அமெரிக்க வசூல் 31, 34, 37 கோடி டாலர் என்று ஏறியது. முடிவைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியவில்லை. பிறகு அதே எழுத்தாளரின் சிறிய நாவலான 'தி ஹாபிட்'டையும் மூன்றாக நீட்டினார்கள். 30 கோடியில் தொடங்கி அடுத்த இரண்டும் 25-இல் நின்றன. மூன்று பங்காகப் பிரிக்க அங்கே அவ்வளவு சொத்து இல்லை.

ஆக, பிரித்த கதைக்குப் பாகம் என்று சொல்லலாம். அறுந்து நிற்கும் கதைக்குத் தொடர்ச்சி என்று சொல்லலாம். 'ஜாஸ் 2' போன்றவற்றுக்கு? இங்கே நம் இலக்கணக்காரர்கள் கை கொடுக்கிறார்கள். தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நன்னூல் மூன்றாவதாகச் சார்புநூலைச் சேர்க்கிறது. வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம்: 'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்.' முன்னவர் நூலின் முடிவோடு முழுக்க ஒத்துப்போக வேண்டும், பின்னால் வருபவர் தாம் விரும்பும் சில வேறுபாடுகளைச் சொல்ல வேண்டும், மரபு மட்டும் அழியக்கூடாது.

இதைப் படித்துவிட்டு 'ஜாஸ் 2' கதையை நினைத்துப் பாருங்கள். அதே அமிட்டி ஊர். அதே பிராடி மறுபடி எச்சரிக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் மறுபடி நம்ப மறுக்கிறார்கள். கடைசியில் சுறா சாகிறது, இந்த முறை மின்கம்பியால். முடிவு ஒன்று, விகற்பம் மின்கம்பி. அதனால் இந்த வகைக்கு 'வழிப்படம்' என்று பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. மூலத்தின் வழியில் வருவது என்ற பொருள் இருக்கிறது. 'செக்வி' என்ற வேரிலுள்ள பின்தொடர்தலும், பரிவாரம் என்ற பழைய பொருளும்கூட இதில் வந்துவிடுகின்றன. நடந்துபோன பாதையிலேயே திரும்ப நடப்பதைப் பார்க்க ஏன் கூட்டம் குறைகிறது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

ஒரு மறுப்பு வரும். மொழிபெயர்ப்பையும் தொல்காப்பியம் வழிநூலில்தான் சேர்க்கிறது. அப்படியானால் ரீமேக்கும் வழிப்படம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ரீமேக்குக்கு 'மறுஆக்கம்' என்ற பெயர் ஓரளவு ஊன்றிவிட்டது. அதனால் 'வழி'யை இங்கே பயன்படுத்துவதில் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். 'காட்ஃபாதர் பார்ட் டூ' மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. தந்தை வீட்டோவின் இளமைக் கதை மரியோ பூசோவின் நாவலில் இருந்து முதல் படத்தில் படமாக்காமல் விட்ட பங்கு, அது பாகம். மகன் மைக்கேலின் கதை முதல் படத்துக்குப் பின் புதிதாக எழுதியது, அது வழி.

பின்னால் வருவதாலேயே ஒரு கதை மெலிய வேண்டும் என்பதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளை எடுத்துக்கொண்டு சீத்தலைச் சாத்தனார் மணிமேகலை எழுதினார். முந்தைய காப்பியத்தின் முடிவைத் திரும்பச் சொல்லவில்லை. பசி என்ற வேறு துன்பத்தைக் கையில் எடுத்தார், அமுதசுரபியைக் கொண்டுவந்தார், நூலுக்கு அவளுடைய பெயரையே வைத்தார். அதை யாரும் சிலப்பதிகாரம் பாகம் 2 என்று சொல்வதில்லை. இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. முதல் படத்தின் ஒரு துணைப் பாத்திரத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தனிப்படம் பண்ணுகிறார்களே, 'ஸ்பின்-ஆஃப்' என்று? நன்னூல் சார்புநூலுக்கு இன்னொரு பெயரும் சொல்கிறது: புடைநூல். முந்தைய இருவகை நூலுக்கும் ஒருபுறம் ஒத்து, மற்றதில் வேறுபட்டுப் போவது. புடை என்றால் பக்கம். 'புடைப்படம்' என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே உட்காருகிறது.