சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு எந்த ஆயில்?

பழைய மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரசர் (சூப்பர்சார்ஜர் உள்ள கார்) வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சூப்பர்சார்ஜர் வண்டிக்கு 20டபிள்யூ-50தான் தாங்கும் என்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா?"

வேண்டாம். (இந்தக் கிரேடில் முன் எண் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதையும், பின் எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதையும் சொல்கிறது.) "சூப்பர்சார்ஜர் என்றால் கெட்டி ஆயில்" என்ற சூத்திரத்தைக் கார் கம்பெனிகளே மதிப்பதில்லை. ஃபோர்டு தன் ஷெல்பி ஜிடி500க்கு 5டபிள்யூ-50 கேட்கிறது, டாட்ஜ் ஹெல்கேட் 0டபிள்யூ-40 கேட்கிறது, ஜாகுவாரின் 5 லிட்டர் வி8 வெறும் 5டபிள்யூ-20இல் ஓடுகிறது. மூன்றிலும் சூப்பர்சார்ஜர் உண்டு.

சூப்பர்சார்ஜர் கூடுதல் காற்றைத் திணிக்கும். கூடுதல் பெட்ரோல் எரியும். பிஸ்டன் தலையில் அழுத்தம் ஏறும். 82 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் மேல் 80 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் என்றால் சுமை 4 டன்னுக்கு மேல். அது கனெக்டிங் ராடு வழியாக, 2 செ.மீ. அகலமே உள்ள பேரிங்கில் வந்து இறங்குகிறது. அந்தப் பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் தண்டின் விட்டம் 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பேரிங்கில் சராசரியாக 400 பாருக்கு மேல். ஆயில் பம்ப் தருவதோ 4 பார். மீதியைத் தருவது யார்?

சுழலும் தண்டுதான். அது பேரிங்கின் நட்டநடுவே சுற்றுவதில்லை. சுமை அழுத்துவதால் சற்று ஒதுங்கிச் சுற்றுகிறது. அதனால் இடைவெளி ஒரு பக்கம் ஆப்பு போலக் குறுகிக்கொண்டே போகிறது. எஃகில் ஒட்டிய ஆயிலைத் தண்டு அந்தக் குறுகலுக்குள் இழுத்துப் போகிறது. வெளியேற வழி போதாமல் ஆயில் நெருக்குண்டு, அதன் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாருக்கு எகிறி, தண்டையே தூக்கி நிறுத்துகிறது. பம்ப் பரிமாறுகிறது, அவ்வளவே. சுமக்கும் வலு ஆயிலின் பாகுநிலையையும் தண்டின் வேகத்தையும் பொறுத்தது.

6000 ஆர்பிஎம்மில் அந்தத் தண்டின் மேற்பரப்பு மணிக்கு சுமார் 56 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. எதிரே பேரிங் அதோடு சேர்ந்து சுழலாமல் நிற்கிறது. நடுவே ஆயில் படலம் 5 மைக்ரான் என்றால், படலத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வீதம் விநாடிக்கு 30 லட்சம்!

டப்பாவில் 5டபிள்யூ-40 என்பதில் உள்ள "40" இதை அறியாது. 100 டிகிரியில், கண்ணாடிக் குழாய்க்குள் ஆயில் தன் எடையால் மெல்ல இறங்கும்போது அளந்தது அது (12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை; சென்டிஸ்டோக் என்பது பாகுநிலையின் அலகு). சூட்டில் ஆயில் அதிகம் நீர்க்காமல் பார்த்துக்கொள்ள அதில் பாலிமர் கலக்கிறார்கள். நீளமான சங்கிலி மூலக்கூறு. குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து ஓட்டத்தைத் தடுக்கும். பேரிங்கின் குறுகலில் இந்தச் சங்கிலிகள் சீப்பு போட்டு வாரிய தலைமுடி போல ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. தடை குறைந்து, மிகவும் தேவைப்படும் இடத்தில் ஆயில் நீர்க்கிறது. தாண்டியதும் மறுபடி சுருளும். சில அறுந்தே போகும். அறுந்தவை திரும்பா.

இதற்காகத்தான் எச்டிஎச்எஸ் (அதிக வெப்பத்தில், அதிக வழுக்கு வீதத்தில் ஆயிலின் பாகுநிலை) என்ற இன்னோர் அளவு இருக்கிறது: 150 டிகிரி வெப்பம், விநாடிக்கு 10 லட்சம் வழுக்கு வீதம். சாதாரண 5டபிள்யூ-30க்கு இது 2.9 மில்லிபாஸ்கல்-விநாடி இருந்தால் போதும். எம்பி 229.5 (மெர்சிடிஸ் பென்ஸின் ஆயில் தரம்) அங்கீகாரம் பெற்ற 5டபிள்யூ-30க்கு 3.5 கட்டாயம். முன்பக்கத்தில் இரண்டிலும் ஒரே எழுத்து! இந்த எண்ணை டப்பாவில் அச்சிடாமல் தரவுத்தாளுக்குள் ஒளித்து வைப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆயிலை விரலில் தேய்த்து "சத்து போச்சு" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விரலின் சூடு 35 டிகிரி.

ஆக, கொம்ப்ரசருக்கு 229.5 அங்கீகாரமுள்ள 5டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-30 போதும். பின்பக்க லேபிளில் அங்கீகார எண் அச்சாகியிருக்க வேண்டும்; "தரத்துக்கு ஏற்றது" என்ற பொத்தாம்பொதுவான வரி அங்கீகாரம் ஆகாது. 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் மிஞ்சி ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலின் ஒரு பகுதி சம்ப்புக்கே (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரும்பும். டைமிங் செயின் டென்ஷனருக்கு ஆயில் தாமதமாகப் போகும், செயின் கடகடக்கும். கேஜில் மட்டும் அழுத்தம் கம்பீரமாகத் தெரியும்.

சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலச் சின்ன புல்லி மாட்டி பூஸ்ட் (திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற்றியவர்கள் முதலில் ஆயில் வெப்பமானி மாட்டுங்கள். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் உள்ள ஆயில், 130 டிகிரியில் சுமார் 8தான். அதாவது 40 வாங்கி 20இல் ஓட்டுகிறீர்கள். கிரேடை ஏற்றுவதைவிட ஆயில் கூலர் நல்ல செலவு. நேரடி பெட்ரோல் பீச்சல் உள்ள எஞ்சின் என்றால் டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடையோடு அளவும் ஏறியிருந்தால் ஆயில் நீர்த்துவிட்டது. கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

கொம்ப்ரசரில் இருப்பது போன்ற ஈட்டன் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரின் கியர்களுக்குத் தனி அறையில் தனி ஆயில் உண்டு. எஞ்சின் ஆயில் அங்கே போகாது. மீந்ததை அதில் ஊற்றவும் கூடாது.