தொட்டியில் தேங்கும் குரல்

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகள் ஜெர்மனியில் இருக்குதுங்க. பிராட்பேண்டு வழியாகத் தினமும் பேசுகிறோம், தனியாகக் காசு ஆவதில்லை. ஆனால் சில நாள் நான் பேசும்போதே அம்மிணியும் பேச ஆரம்பித்துவிடுகிறது. இருவரும் நிறுத்துகிறோம். மறுபடியும் இருவரும் சேர்ந்தே ஆரம்பிக்கிறோம். இது லைன் கோளாறா, போன் கோளாறா?"

இரண்டும் இல்லைங்க. உங்கள் குரல் போகிற வழியில் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கப்படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் ஐஎஸ்டி பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய காலத்தில், அழைப்பு தொடங்கியதும் நொடிக்கு 64,000 பிட் (0 அல்லது 1) போகக்கூடிய ஒரு தடம் இங்கிருந்து அங்கு வரை அவருக்கென்றே ஒதுக்கப்படும். பேசினாலும் சும்மா இருந்தாலும் அது அவருடையது, வாடகையும் அவருடையது. இணையத்தில் தடம் ஒதுக்குவதே கிடையாது. குரலைத் துண்டு போட்டு, ஆயிரம் பேருடைய படம், கணக்கு, சினிமாவோடு சேர்த்து அனுப்பிவிடுகிறோம். மாத வாடகைக்குள் அதுவும் அடங்கிவிடும். வெளிநாட்டுச் சாதாரண போன் எண்ணுக்குப் பேசினால் மட்டும் கொஞ்சம் காசு கேட்பார்கள். துண்டுகள் அந்த நாடு வரை இணையத்தில் போய், அங்கே ஒரு வாயில்கருவி வழியாக உள்ளூர் அழைப்பாக மாறுகின்றன. அந்த உள்ளூர்க் கட்டணத்தைத்தான் நாம் கொடுக்கிறோம். இந்தியாவில் கணினியிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேச 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி உண்டு. வெளிநாட்டு அழைப்பைத் திருட்டுத்தனமாக இங்கே உள்ளூர் அழைப்பாக இறக்கும் 'சிம் பாக்ஸ்' வேலை குற்றம். யாராவது வீட்டு மாடியை அதற்கு வாடகைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

குரலை எண்ணாக்குவது தெரிந்த கதைதான். நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில், அதாவது ஒரு பைட்டில் எழுதுவது. 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டு என்று வெட்டினால், துண்டுக்கு 160 பைட். அதன்மேல் முகவரி, வரிசை எண், நேரமுத்திரை எல்லாம் சேர்ந்து 40 பைட்டுக்கு உறை. குரலை இன்னும் கசக்கிச் சுருக்கும் சில முறைகளில் உள்ளே இருப்பது 20 பைட்தான், உறை அதே 40. கடுதாசியை விட கவர் கனம்!

இந்தக் கடுதாசிகள் பதிவுத் தபாலில் போவதில்லை. ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கும் ஏற்பாடு இணையத்தில் இருக்கிறது, ஆனால் பேச்சுக்கு அது உதவாது. தாலி கட்டி முடிந்தபின் வந்து சேரும் கெட்டிமேளத்தை வைத்து என்ன செய்வது? அதனால் வந்தது வரட்டும் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம். துண்டுகள் 20 மில்லிநொடிக்கு ஒன்றாகச் சீராகக் கிளம்புகின்றன. வரும்போது அப்படி வருவதில்லை. நான்கு சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, எட்டாவது துண்டு ஏழாவதை முந்திக்கொண்டு நிற்கும். வந்ததை வந்தபடி ஒலிபெருக்கியில் விட்டால் குரல் கொத்துக்கறியாகிவிடும்.

நம் ஊரில் குழாய்த் தண்ணீர் என்றைக்காவது, எந்த நேரத்திலாவது வரும். ஆனாலும் சமையலறைக் குழாயைத் திருகினால் சீராகக் கொட்டுகிறது. மாடியில் தொட்டி இருப்பதால்தான். உங்கள் போனுக்குள்ளும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. வந்த துண்டுகளை உடனே ஒலிக்காமல், அதில் விட்டு, வரிசை எண்படி அடுக்கி, சீராகத் திறந்துவிடுகிறது. தொட்டி சின்னதாக இருந்தால் நடுவில் வறண்டு பேச்சு அறுபடும். பெரிதாக இருந்தால் அறுபடாது, ஆனால் நீங்கள் சொன்னது அங்கே தாமதமாகக் கேட்கும்.

எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் போன் அழைப்பு நடக்கும்போதே தொட்டியின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதை எப்படிச் செய்கிறது என்பதில்தான் நான் மயங்கிப்போனேன். தொட்டி நிரம்பி வழிகிறதென்றால், உங்கள் மகளின் பேச்சைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி வடிக்கிறது. வறள்கிறதென்றால் மெதுவாக ஓட்டுகிறது. டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகுமே, அப்படி ஆகாது. 'ஆ' என்று இழுக்கும்போது ஒரே அலை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் ஓர் அலையை எடுத்துவிட்டாலோ கூட ஒன்றைச் செருகினாலோ, சுருதி மாறாமல் நீளம் மட்டும் மாறும். நீங்கள் கேட்கும் 'அப்பாஆ' மகள் சொன்னதை விட ஓர் இழுப்பு கூடவோ குறையவோ இருக்கலாம். யார் கவனிக்கிறோம்!

வரவே வராத துண்டுக்கும் இதே தந்திரம்தான். கடைசியாகக் கேட்ட அலையையே மறுபடி ஒலித்து ஓட்டையை அடைக்கிறது. சுமார் 60 மில்லிநொடி வரை சமாளிக்கும், அப்புறம் ஒலியை அடக்கிவிடும். அடக்காமல் நீண்டு இழுத்தால் அதுதான் அந்த ரோபோ குரல். உயிரெழுத்தில் ஓட்டை விழுந்தால் தெரியாது. 'காடு' என்பதில் நாக்கு மடங்கித் தட்டும் அந்த 'ட்' ஒன்றிரண்டு துண்டுக்குள் முடிந்துவிடும். அது தொலைந்தால் முந்தைய 'ஆ'வே நீண்டு 'காஉ' என்று கேட்கும். காட்டை வித்தாச்சா, காசு வந்தாச்சா என்று நீங்கள் குழம்புவது அப்போதுதான்.

குரலைத் துண்டாக்கி வலையில் அனுப்பிப் பார்த்தது 1974இல், கணினி ஆராய்ச்சியாளர் டேனி கோயன் முதலானோர், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பணத்தில். அதைக் கடையில் விற்கும் மென்பொருளாக இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் கொண்டுவர 1995 ஆனது. 21 வருடம்! அத்தனை காலம் பலன் கேட்காமல் காசு போட ஒருவர் வேண்டும். கோவைப் பக்கம் பொறியியல் கல்லூரிக்கா பஞ்சம்? வேலை கிடைத்தவர்கள் எண்ணிக்கையை ஃபிளெக்ஸில் போடும் காசில் பாதியைப் பேச்சொலி ஆய்வுக்கு ஒதுக்கினால் 'காடு'களைக் காப்பாற்றலாம்.

வாசகருக்கு வருவோம். ஒளி கண்ணாடி இழையில் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் 10,000 கிலோமீட்டர் சுற்றினாலும் 50 மில்லிநொடிதான். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் கணக்கு. ஆக ஜெர்மனி தூரமாக இருப்பது காரணமில்லை. வீட்டில் பேரன் விளையாட்டு எதையாவது இறக்கும்போது ரவுட்டரில் வரிசை நீண்டு, துண்டுகள் தாறுமாறாக வந்து, போன் தொட்டியைப் பெரிதாக்குகிறது. மகள் பேசத் தொடங்கியது உங்களுக்கு வந்து சேருமுன் நீங்கள் பேசிவிடுகிறீர்கள்.

தொட்டியை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு போனையும் வீட்டு வைஃபையில் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டு, ஒன்றைச் சமையலறையில் வைத்துவிட்டு, மற்றதோடு திண்ணையில் உட்கார்ந்து, சமையலறையில் இருந்த வீட்டுக்காரம்மாவைக் கை தட்டச் சொன்னேன். கதவு வழியாக ஒரு தட்டு கேட்டது, அப்புறம் போனில் இன்னொன்று. பையன் பெரிய கோப்பு ஒன்றை இறக்க ஆரம்பித்ததும் இடைவெளி நீண்டது. "ஏனுங், எட்டிக் கூப்பிட்டா காது கேக்கற தூரத்துக்கு எதுக்குங் போனு?" என்றபடியே வீட்டுக்காரம்மா இன்னொரு தட்டு தட்டினார். அது இரண்டாம் முறை கேட்பதற்குள் சட்டியில் கடுகு வெடித்துவிட்டது.