புக்க மூடுனாத்தான் பாடம் நிக்கும்

ஓஎல் (இலங்கையில தரம் 11 கடைசியில எழுதுற அரசாங்கப் பரீட்சை) கிட்ட வந்துட்டா நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்துப் பக்கம் ராத்திரி 11 மணிக்கும் ஏதோ ஒரு காம்பராவுல லைட்டு எரியும், உள்ள ஒரு புள்ள சயன்ஸ் புக்க நாலாவது தடவையா வாசிச்சிக்கிட்டு இருக்கும், பக்கத்துல பாதி மஞ்ச ஹைலைட்டர். நானும் அப்படித்தான் படிச்சேன், இப்ப சயன்ஸ் படிப்பிக்கிறப்ப வகுப்புல அதையேதான் பாக்குறேன். கஷ்டப்பட்டுப் படிக்கிற புள்ளைங்க பேப்பர கண்டதும் "வாசிச்ச மாதிரி இருக்கு சேர், வருதில்ல"ன்னு சொல்றப்ப மனசு வலிக்குது, ஏன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, படிக்கிற முறையிலதான் கோளாறு.

"வாசிச்ச மாதிரி இருக்கு"ங்கிறதுலயே விசயம் இருக்கு. ஒரு பக்கத்த ரெண்டாவது தடவ வாசிக்கிறப்ப கண்ணு லேசா ஓடும், எல்லாம் பழகுன முகமா தெரியும், மூளை அத "எனக்குத் தெரியும்"னு எடுத்துக்கும். ஆனா பாத்ததும் அடையாளம் காணுறது வேற, ஒன்னுமே பாக்காம உள்ள இருந்து எடுக்குறது வேற. ஹட்டன் பஸ்ல தினமும் பாக்குற ஆள ரோட்டுல கண்டா உடனே தெரியும், கண்ண மூடிக்கிட்டு அவரு மூக்கு எப்படி இருக்கும்னு சொல்லுங்கன்னா திணறுவோம். பரீட்சை கேக்குறது ரெண்டாவதத்தான்.

இத ஒழுங்கா சோதிச்சுப் பாத்தவங்க அமெரிக்காவுல ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள், 2006ல. மாணவர்களுக்கு சின்னக் கட்டுரை குடுத்து, ஒரு பகுதிய ரெண்டு தடவ வாசிக்க விட்டாங்க, இன்னொன்ன ஒரு தடவ வாசிச்சுட்டு வெறும் பேப்பர்ல ஞாபகம் வர்றத எழுதச் சொன்னாங்க. 5 நிமிசம் கழிச்சு கேட்டப்ப ரெண்டு தடவ வாசிச்சதுதான் முன்னுக்கு, நூத்துக்கு 81, எழுதினது 75. ஒரு கிழமை கழிச்சு கேட்டா அப்படியே மாறிப்போச்சு, வாசிச்சது 42, எழுதிப் பாத்தது 56. எழுதினப்ப சரியா பிழையான்னு கூட அவங்களுக்கு யாரும் சொல்லல்ல! எக்ஸாமுக்கு முதல் நாள் விடிய விடிய வாசிச்சா மறுநாள் கொஞ்சம் ஓடுறதும், தவணை முடிஞ்சதும் எல்லாம் பறந்து போறதும் இதனாலதான். 2013ல ஜோன் டன்லொஸ்கியும் கூட்டாளிகளும் 10 படிப்பு முறைகள பழைய ஆய்வுகளோட வச்சுப் பாத்தப்பவும் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, கோடு போடுறது ரெண்டும் கீழ் மட்டத்துலதான் வந்துச்சு. தன்னைத்தானே சோதிக்கிறதும் இடைவெளி விட்டுப் படிக்கிறதும்தான் மேல.

இந்த இடைவெளி நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்ல. ஒரு மலையில கொழுந்து எடுத்தா ஏழெட்டு நாள் விட்டுத்தானே திரும்ப அந்த மலைக்குப் போவாங்க, மறுநாளே போனா கூடையில ஒன்னும் விழாது, ரெண்டு மாசம் விட்டா முத்திப்போகும். ஞாபகமும் அப்படித்தான், கொஞ்சம் மறக்கத் தொடங்குனப்புறம் கஷ்டப்பட்டு எடுத்தாத்தான் பலமாகுது. 1885லயே ஹெர்மன் எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகள பாடமாக்கி தன் மறதியவே அளந்து பாத்தார், ஞாபகம் முதல் ஒரு மணித்தியாலத்துலயே வேகமா விழுது, அப்புறம் அந்த வேகம் கொறையுது. எவ்வளவு இடைவெளிங்கிறது எக்ஸாம் எப்பங்கிறதப் பொறுத்தது. நிக்கொலஸ் செபெடாவும் மத்தவங்களும் 2008ல 1,350க்கு மேல ஆளுங்கள வச்சுப் பாத்தப்ப, ஒரு கிழமையில கேக்கப் போறதுக்கு ஒரு நாள் இடைவெளியும், ஒரு வருசம் நிக்க வேண்டியதுக்கு ஏறக்குறைய 3 கிழமையும் நல்லா வேலை செஞ்சுது. அப்ப தரம் 10ல படிச்சத தரம் 11 கடைசியில கேக்குற ஓஎல்லுக்கு மாசத்துக்கு ஒருக்காவாவது தொட்டே ஆகணும்.

பாஸ்ட் பேப்பர் செய்யறப்பவும் இதே கதைதான், விடை இருக்கிற புள்ளித்திட்டத்த பக்கத்துல வச்சுக்கிட்டு வாசிச்சா அது திரும்ப வாசிக்கிறதுதான், எழுதிட்டுத்தான் பாக்கணும். தூக்கத்தையும் வெட்டாதீங்க, பகல்ல படிச்சத மூளை நிலைநிறுத்துற வேலை தூக்கத்துலதான் நல்லா நடக்குது.

வரலாறு மாதிரி பாடத்துல "ஏன்"னு கேட்டுப் பாருங்க. 1867ல லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார்னு தனியா பாடமாக்குனா வழுக்கும். அப்ப நாட்டுல கோப்பிதானே, ஏன் மாறுனாங்க? 1869ல கோப்பி இலையில நோய் வந்துச்சு, கொஞ்ச வருசத்துல கோப்பி அழிஞ்சு தேயிலை அந்த எடத்தப் புடிச்சுது. ரெண்டு வருசமும் ஒன்னையொன்னு புடிச்சுக்கும்.

எனக்கு இதெல்லாம் ஆய்வு பேரோட தெரியாத காலத்துலயே வீட்டுல நடந்துச்சு. அம்மா அஞ்சாம் வகுப்புத்தான். மலையில இருந்து வந்து ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டே "புக்க மூடி வச்சுட்டு சொல்லுய்யா"ம்பாங்க. ஒருநாள் ஒளித்தொகுப்பு, காபனீரொட்சைட்டு உள்ள போகுது, ஒட்சிசன் வெளிய வருது, சூரிய வெளிச்சம் வேணும்னு ஒப்பிச்சேன். "அப்ப ராத்திரியில செடி என்ன செய்யும்?"னு கேட்டாங்க. தெரியல்ல. புக்க தொறந்து தேடுனேன்: ராத்திரி வெளிச்சம் இல்லாததால ஒளித்தொகுப்பு இல்ல, ஆனா சுவாசம் பகல் ராத்திரி ரெண்டுலயும் நடக்கும், பகல்ல செஞ்ச உணவ வச்சுத்தான் செடி ராத்திரியும் உயிர் வாழுது. அந்தக் கேள்விய இப்பவும் ஒவ்வொரு வருசமும் வகுப்புல நான் கேக்குறேன், புக்க மூடச் சொல்லிட்டுத்தான்.