கூட்டில் அசையாமல் இருக்கும் விராலடிப்பான் அமைதியாக இல்லை

ஸ்காட்லாந்தின் ஏரிக்கரைக் காப்பகம் ஒன்றில், மீன் பிடித்துண்ணும் வேட்டைப் பறவையான விராலடிப்பானின் (Osprey) குடும்பத்தைக் காண வருவோருக்கு வழிகாட்டும் வேலை பார்க்கிறேன். இந்த மே மாதத்தில், தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் சென்று கூட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைத் திருப்பி அழைத்தபோது, வழக்கமான பதில்தான் கிடைத்தது: "பறவை பறக்கவே இல்லையே, அமைதியாகத்தானே உட்கார்ந்திருக்கிறது?" ஆளாளுக்குத் தனித்தனியே விளக்கி அலுத்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அது அமைதி அன்று. மனிதர் நெருங்குவதைக் கண்டதும் பெண் பறவை முதலில் கழுத்தை உயர்த்தி உற்றுப் பார்க்கும். கூர்மையான சீழ்க்கை போன்ற குரலை அடுத்தடுத்து எழுப்பும். பிறகும் நாம் விலகாவிட்டால், தலையைத் தாழ்த்தி, உடலைக் குச்சிகளோடு ஒட்டிக் கிடத்திவிடும். கீழே நிற்பவரின் கண்ணுக்கு வெள்ளைத் தலையும் கண்ணின் குறுக்கே ஓடும் கரும்பட்டையும் மட்டுமே தெரிவதால், உறங்குகிறது என்றே தோன்றும். அதற்கும் மேலே போனால்தான் எழுந்து பறந்து, கத்திக்கொண்டே நம் தலைக்கு மேல் வட்டமிடும். அதையும் "நமக்காகப் போஸ் கொடுக்கிறது" என்று மகிழ்ந்து படமெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரமெல்லாம் முட்டைகள் குளிரில் திறந்து கிடக்கின்றன. காகங்களுக்கு அது போதும்.

வழக்கமாக இடுவது மூன்று முட்டைகள். அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 37 நாட்கள். பொரித்த குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாது. கோடை முடிவில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டாக வேண்டிய பறவைக்கு, இழந்ததை ஈடுகட்டப் பெரும்பாலும் அவகாசம் இருப்பதில்லை.

"மின்கோபுரத்தில்கூடக் கூடு கட்டுகிறதே, மனிதர்களுக்குப் பழகிவிட்டது" என்பார்கள். அது பழகியிருப்பது தினமும் ஒரே தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு. நின்று, அண்ணாந்து, தன்னையே குறிவைத்துப் பார்க்கும் ஆளுக்கு அல்ல. (கூட்டருகே கேமரா இருக்கிறதே என்பவர்களுக்கு: பறவைகள் ஆப்பிரிக்காவில் இருக்கும் குளிர்காலத்தில்தான் அதைப் பொருத்துகிறோம்.)

பார்க்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேட்டையாலும் முட்டை சேகரிப்பாலும் பிரிட்டனில் ஏறக்குறைய அற்றுப்போன பறவை இது. ஸ்காட்லாந்தின் கார்ட்டன் ஏரிக் (Loch Garten) கூட்டில் 1958இல் முட்டைத் திருட்டு நடந்த பிறகும், அடுத்த ஆண்டே பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் (RSPB) ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் காவலுடன் பொதுமக்களுக்கு அதைக் காட்டினார், ஆனால் தொலைவிலிருந்து. ஆண் பறவை தலைப்பகுதியைத் தின்றுவிட்டு மீதி மீனைக் கொண்டு வருவதையும், தாய் அதைச் சிறு துணுக்குகளாகக் கிழித்து, தலையைச் சாய்த்துக் குஞ்சின் அலகில் வைப்பதையும் பார்வைக் குடிலின் தொலைநோக்கியில் தெளிவாகக் காணலாம்.

ஆகவே குடிலை விட்டு இறங்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். படகில் வருவோர் மிதவைக் கோட்டைக் கடக்க வேண்டாம். வெளியில் அறிவிக்கப்படாத கூட்டின் இடத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். கூட்டருகே வேண்டுமென்றே தொந்தரவு செய்வது பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி சிறைக்குப் போகக்கூடிய குற்றம். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோரிடம் மட்டும் சற்றுத் தணிந்தே கேட்டுக்கொள்கிறேன். பழவேற்காட்டில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய விராலடிப்பான் குளிர்கால விருந்தாளி; அங்கே கூடு கட்டுவதில்லை. கூட்டைக் காக்கும் பறவையின் நடத்தை உங்களுக்குப் புதிதாகவே இருக்கும். காட்டுப் பாதையில் தற்செயலாக அந்தச் சீழ்க்கைக் குரல் தொடர்ந்து கேட்டால், கூடு எங்கே என்று தேடாமல், வந்த வழியே உடனே திரும்பிவிடுங்கள்.