பில்லில் முதலில் தேதியைப் பாருங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் கொள்முதல், பயணப்படி பற்றி வரும் சுற்றறிக்கைகளில் பாதி நான் எழுதியவை. அவற்றை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ‘பார்வையில் காணும் ஆணையின்படி மேற்படி பொருள் தொடர்பாக அனைத்துத் துறைத் தலைவர்களுக்கும் தெரிவித்துக்கொள்ளப்படுவது யாதெனில்’ என்று தொடங்கினால் பெற்ற தாய்கூட இரண்டாவது வரிக்கு வரமாட்டாள். குற்றம் வாசிப்பவர் மேல் இல்லை. அதனால் இருபத்திரண்டு வருடம் நிதிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்ததை, அரசு நடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

எங்களுடையது தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். இங்கே ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கருவிகளுக்கு இரண்டு விதிகள் இருக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தில் வாங்கினால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் நம் கணக்கு விதிகளும். மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டப் பணம் என்றால், அனுமதி ஆணையில் எழுதியிருப்பதன்படி, பெரும்பாலும் பொது நிதி விதிகள் 2017. நாங்கள் ஜி.எஃப்.ஆர். என்போம். ‘சார், எவ்வளவு வரைக்கும் கொட்டேஷன் இல்லாம வாங்கலாம்?’ என்று போனில் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பணம்?

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கண்காணிப்பாளர் ஒரு பில்லைக் கையில் வாங்கினால் தொகைப் பக்கம் கண்ணைக் கொண்டுபோக மாட்டார். தேதிகளை மட்டும் ஒரு துண்டுத் தாளில் மேலிருந்து கீழாக எழுதுவார். தேவைக் குறிப்பு, ஒப்புதல், கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், பர்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், பில், ஸ்டாக் என்ட்ரி. ஏறுவரிசையில் வந்தால் ஃபைல் உயிரோடு இருக்கிறது. எங்காவது பின்னால் போனால் பென்சிலால் ஒரு வட்டம். பின்னாளில் எல்.எஃப். ஆடிட்டிலிருந்து, அதாவது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையிலிருந்து, வந்தவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்தேன். என் சர்வீஸில் பணத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான் கண்டிருக்கிறேன். மற்ற ஆடிட் பாராக்கள், அதாவது தணிக்கை அறிக்கையில் வரும் ஆட்சேபணைகள், எல்லாம் நேர்மையானவர்கள் வரிசையைப் புரட்டிப் போட்டதால் வந்தவை.

ஒரு சனிக்கிழமை. உயிரியல் துறை ஒன்றில் மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசர் நின்றுவிட்டது. உள்ளே என்சைம்கள், ஆய்வு மாணவர்கள் மூன்று வருடமாகச் சேர்த்த மாதிரிகள். பொறுப்பில் இருந்த பேராசிரியை மேடம் யோசிக்கவே இல்லை. ஊருக்குள் இருந்த டீலருக்கு போன் போட்டார். மாலைக்குள் புதுப் பெட்டி வந்து இறங்கியது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தப்பு திங்கட்கிழமை நடந்தது. ‘ஃபைல் சரியா இருக்கணும்’ என்று துறையில் யாரோ சொல்லப்போக, டீலரே மூன்று கொட்டேஷன்களை முந்தைய வாரத் தேதியில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். தேதிகள் ஏறுவரிசையில் அழகாக உட்கார்ந்தன. பில்லை பாஸ் செய்த கையெழுத்துகளில் என்னுடையதும் உண்டு.

மூன்று வருடம் கழித்து ஆடிட்டுக்கு வந்த ஓர் இளைஞர் அந்தக் கொட்டேஷனைப் படித்துவிட்டுச் சிரித்தார். பொருள் விவரத்தின் கீழே ஃப்ரீசரின் சீரியல் நம்பர் இருந்தது. விலைப்புள்ளி கேட்கும் நேரத்தில் எந்தப் பெட்டி வரப்போகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. தன் பில்லையே நகலெடுத்து, மேலே ‘கொட்டேஷன்’ என்று மாற்றியிருக்கிறார், நம்பரை அழிக்க மறந்துவிட்டார். ‘அவசரக் கொள்முதல்’ என்று போயிருக்க வேண்டிய விஷயம் அன்றிலிருந்து ‘புனையப்பட்ட ஆவணம்’ ஆனது. அந்த மேடம் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை.

அவசரத்துக்கு விதியில் இடமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. ஜி.எஃப்.ஆர். விதி 166, அவசர நேரத்தில் ஒரே இடத்தில் வாங்க அனுமதிக்கிறது. காரணத்தை எழுதி வைக்க வேண்டும், உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். மேடம் அன்றைக்கே அரைப்பக்கம் எழுதியிருக்கலாம்: ‘இன்று காலை ஃப்ரீசர் பழுதானது, உள்ளே இன்னின்ன மாதிரிகள் உள்ளன, சரிசெய்ய இன்று ஆள் கிடைக்கவில்லை, இன்ன கடையில் இன்ன விலைக்கு வாங்கப்படுகிறது.’ துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் ஒரு மின்னஞ்சல். திங்கட்கிழமை பின்னேற்பு, அதாவது செய்து முடித்ததற்குப் பிறகு தரும் ஒப்புதல், கேட்டு ஃபைல். பின்னேற்பு என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்கு முகம் சுருங்குகிறது, ஏதோ மன்னிப்புக் கேட்பது போல. முன்தேதியிட்ட தாளைவிட அது ஆயிரம் மடங்கு மரியாதையானது.

அடுத்தது, பில்லைப் பிரிப்பது. 2017 விதிகள் வந்தபோது கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் உச்சவரம்பு 25,000 ரூபாய். அதற்கு மறு வருடம் ஒரு துறையிலிருந்து மூன்று பில்கள் வந்தன: 24,800, 24,500, 23,900. ஒரே கடை, ஒரே நாள், பில் எண்கள் அடுத்தடுத்து. கடைக்காரர்தான் ‘பிரிச்சுப் போட்டுக் கொடுக்கிறேன் சார்’ என்று உதவியிருக்கிறார். கடைக்காரர் செய்யும் இந்த உதவியைப் போல ஆபத்தானது வேறில்லை. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சான்றில் கையெழுத்து உங்களுடையது. தேவையைச் சிறு சிறு துண்டாக்கி மேல் அனுமதியைத் தவிர்க்கக் கூடாது என்று விதி 157 நேரடியாகவே சொல்கிறது. விதி 154-இன்படி நீங்கள் கையெழுத்துப் போடும் சான்றையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பொருளின் தரத்திலும் விவரக்குறிப்பிலும் தனக்கு நேரடியாகத் திருப்தி உண்டு, நம்பகமான கடையில் நியாயமான விலைக்கு வாங்கப்பட்டது என்று நீங்கள் உங்கள் பெயரால் சொல்கிறீர்கள். துறை அலுவலகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்து அடித்துத் தள்ளுகிறார்கள்.

இப்போது வரம்புகள் மாறியிருக்கின்றன. 2025 ஜூன் மாதம் மத்திய நிதி அமைச்சகம் ஆராய்ச்சிக் கொள்முதலுக்கென்று இருந்த தனி வரம்பை உயர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் 1 லட்சம் என்றிருந்தது 2 லட்சம். கொள்முதல் குழு வழியாக 10 லட்சம் வரை என்றிருந்தது 25 லட்சம். நல்ல செய்தி, ஆய்வாளர்கள் வெகுநாளாகக் கேட்டதுதான். ஆனால் அது அறிவியல் கருவிகளுக்கும் ஆராய்ச்சிக்கான நுகர்பொருட்களுக்கும். ஆணை வந்த பிறகு ஒருவர் துறைத் தலைவர் அறைக்கு ஏ.சி. வாங்கிவிட்டு அதே ஆணையின் நகலை இணைத்திருந்தார். அறை குளிர்ந்தால் ஆராய்ச்சி நடக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். பில் திரும்பிப் போனது.

மூன்று கொட்டேஷன்கள் வந்தால் ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடையின் பெயர் மூன்று, முகவரி மூன்று, நடுவில் இருக்கும் பான் ஒன்றே என்றால் உங்களுக்கு விலை கொடுத்தது ஒரே ஆள்தான். இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் தேவையில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும். கடை வேறு, முதலாளி ஒருவர் என்று தெரியாமல் நல்லெண்ணத்தில் கொட்டேஷன் வாங்கியவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஜி.எஸ்.டி. என்றதும் இன்னொன்று. ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு, உரிய சான்று இருந்தால், 5 சதவீத வரிதான் என்று ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது இல்லை. பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம். 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு 10.50 லட்சம் என்று திட்ட மதிப்பீட்டில் எழுதியவர்கள் 11.80 லட்சம் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் பேராசிரியர் ஒருவர் ஆர்டர் போடும் முன்பே நிதி தரும் அமைப்புக்கு எழுதி, வேறு செலவுத் தலைப்பிலிருந்து 1.30 லட்சத்தை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கினார். இன்னொருவர் கருவியை வாங்கிவிட்டு எழுதினார். இரண்டு கடிதமும் ஏறக்குறைய ஒரே வாசகம். முதலாமவருக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது; இரண்டாமவர், பணம் தந்த காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றை முடிக்க முடியாமல் ஒன்றரை வருடம் அலைந்தார்.

மார்ச் மாதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று ஜி.எஃப்.ஆரிலேயே எழுதியிருக்கிறது. பணத்தைப் பிப்ரவரியில் அனுப்புகிறவர்களும் அதே அரசில்தான் இருக்கிறார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பொருள் வராமல் ‘பெறப்பட்டது’ என்று ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதாதீர்கள், அதுவே போதும்.

இனி பயணம். இதில் சண்டைகள் அதிகம், தொகை குறைவு.

மத்தியத் திட்டப் பணத்தில் டெல்லிக் கூட்டத்துக்குப் போன உதவிப் பேராசிரியர் ஒருவர், ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செல்போன் ஆப்பில் விமான டிக்கெட் போட்டார். ‘நான் அரசாங்கத்துக்கு 400 ரூபா மிச்சம் பண்ணியிருக்கேன் சார்’ என்று என்னிடம் வாதாடினார். கணக்கு சரிதான், 400 ரூபாய் குறைவுதான். ஆனால் 2022 ஜூன் 16-ஆம் தேதி ஆணையின்படி அரசுச் செலவில் விமான டிக்கெட்டை மூன்று இடங்களில் மட்டுமே வாங்கலாம்: பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ் அண்ட் டூர்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. அதற்கு முன் ஏர் இந்தியாவில்தான் போக வேண்டும் என்றிருந்தது. அது டாடா கைக்குப் போன பிறகு எந்த விமானத்திலும் போகலாம், டிக்கெட் மட்டும் இந்த மூன்று வாசல் வழியாக. இந்த விதி எனக்கும் முழுக்க உவப்பானதல்ல. ஆனால் எனக்குப் பிடிக்காத விதியை நான் ரத்து செய்ய முடியாது, நீங்களும் முடியாது.

அதே ஆணை, பயணத்துக்கு 21 நாளைக்கு முன்பே டிக்கெட் போடச் சொல்கிறது. 72 மணி நேரத்துக்குள் போட்டால் காரணம் எழுதித் தர வேண்டும். ‘எட்டு நாளைக்கு முன்னாடிதான் அழைப்பே வந்தது, 21 நாளுக்கு எங்கே போவேன்?’ என்று கேட்பவர்கள் அந்த அழைப்பு மின்னஞ்சலையே பில்லோடு இணைத்துவிடுங்கள். அதன் மேல் இருக்கும் தேதிதான் பதில். ஆன் டியூட்டி ஆணையும் அப்படித்தான். கிளம்பும் நாளுக்கு முன்தேதியில் இருக்க வேண்டும். போய் வந்த பிறகு வாங்கிய ஆணைக்கும் லீவு லெட்டருக்கும் ஆடிட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது.

தேதி மட்டும் போதாத இடமும் ஒன்று உண்டு. மத்திய விகிதப்படி உணவுப்படி கேட்டால், ஊரை விட்டு வெளியே இருந்தது 6 மணி நேரத்துக்குக் குறைவென்றால் 30 சதவீதம், 6 முதல் 12 மணி வரை 70, அதற்கு மேல் முழுத்தொகை. ‘காலை புறப்பாடு, இரவு வருகை’ என்று எழுதிக் கொடுத்தால் நான் எந்தக் காலை என்று சோதிடமா பார்ப்பேன்? வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதுங்கள்.

மத்திய விதியில் பயணம் முடிந்து 60 நாளுக்குள் டி.ஏ. பில், அதாவது பயணப்படிப் பில், வராவிட்டால் உரிமை போய்விடும். முன்பு ஒரு வருடம் இருந்தது. மூத்த பேராசிரியர்கள் மனதில் இன்னும் அந்த ஒரு வருடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. செமஸ்டர் முடியட்டும், எல்லாப் பில்லையும் சேர்த்துப் போடலாம் என்று வைத்திருந்து சொந்தக் காசில் மூன்று கருத்தரங்கு போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். சில்லறைச் செலவுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் இறுக்கம்: 15 நாளில் செட்டில் செய்யாவிட்டால் அடுத்த சம்பளத்தில் பிடிக்கலாம். பல இடங்களில் பிடிப்பதில்லை. அந்தக் கருணையைக் கண்டு ஏமாறாதீர்கள். பிடிக்காமல் விட்ட அட்வான்ஸ் நிலுவைப் பட்டியலில் பதினைந்து வருடம் தூங்கி, ஓய்வு பெறும் மாதத்தில் எழுந்து உட்காரும்.

அப்படி ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். 2011-இல் மாணவர்களைக் களப்பயணம் கூட்டிப்போக வாங்கிய 18,000 ரூபாய் அட்வான்ஸ். கணக்கு அப்போதே கொடுத்திருக்கிறார், ஃபைலும் கிடைத்தது. வேன் வாடகைக்குக் கையால் எழுதிய ரசீது நன்றாக இருந்தது. பெட்ரோல் பங்க், டோல்கேட், ஓட்டல் ரசீதுகள் இருந்த பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய ஏழு துண்டுத் தாள்கள், ஏழும் வெறும் வெள்ளை. சூட்டில் அச்சாகும் தாள் அது. மை மங்கிப் போய்விடும், பசை பட்டால் இன்னும் சீக்கிரம். ஆடிட் கேள்வித் தாளில் யாரோ முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘எழுதப்படாத தாள்கள் ஏழு இணைக்கப்பட்டுள்ளதன் காரணம் விளக்கப்பட வேண்டும்.’

அவர் மனைவி பழைய டைரி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு ரசீதின் எண், தேதி, தொகை, வண்டி எண் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. கூடவே நான்கு ரசீதுகளின் ஜெராக்ஸ். நான்குக்கு ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூன்றுக்கும் சேர்த்து 2,140 ரூபாயை அவர் கவுன்ட்டரில் கட்டினார். நான் ரசீது போட்டுக் கொடுத்தபோது அதை வாங்கி, முதலில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.